துறைமுகம் யாருக்குத் திறக்கும்? பெருந்தொற்றும் சொகுசுக் கப்பல் பயணத்தின் எதிர்காலமும்

1. கேள்வி

கருங்குழியில் கடல் இல்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே, ஏரிப் பாசன வயல்கள் சூழ்ந்த பேரூர் அது. கர்நாடகப் போர்களின்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கோட்டையால் வரலாற்றில் இடம்பிடித்தது. சொகுசுக் கப்பலைப் பற்றி இங்கிருந்து எழுத இரண்டு காரணங்கள் உள்ளன. சென்னைத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களின் பயணிகள் ஒரு பகல் பொழுதில் பார்த்துத் திரும்பும் மாமல்லபுரம் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. கேட்டரிங் படித்துவிட்டு ‘ஷிப்புக்குப் போக’ ஏஜெண்டைத் தேடும் இளைஞர்களும் இதே மாவட்டத்தின் உள்ளூர்களிலிருந்து கிளம்புகிறார்கள். அவர்களுக்கான பயிற்சி நிலையங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான கானத்தூர் அமெட், 2011இல் ‘அமெட் மெஜஸ்டி’ என்ற பயணக் கப்பலையே சென்னையிலிருந்து இயக்கத் தொடங்கியது. அந்த முயற்சி நீடிக்கவில்லை. ஆனாலும் கடலை எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் கப்பலுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடவில்லை.

2020இல் உலகம் முழுவதும் எழுந்த கேள்வி, சொகுசுக் கப்பல் தொழில் இனிப் பிழைக்குமா என்பது. அது பிழைத்துவிட்டது. அடுத்த தொற்று வரும்போது கப்பலில் இருக்கும் மனிதர்களைக் கரையில் யார் ஏற்றுக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. இந்தப் பயணத்தின் எதிர்காலம் நிச்சயமற்றதாக இருப்பதற்குப் பயணிகளின் அச்சமோ கப்பலின் கட்டமைப்போ முதன்மைக் காரணம் அல்ல. கரை தர வேண்டிய வாக்குறுதி எழுத்தில் இல்லாததே காரணம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. எண்கள் தந்த விடை

சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான கிளியா தரும் கணக்குப்படி, 2019இல் உலகெங்கும் 2.97 கோடிப் பேர் இத்தகைய கப்பல்களில் பயணம் செய்தனர். 2020இல் அது 58 லட்சமாகவும், 2021இல் 48 லட்சமாகவும் சரிந்தது. 2022இல் 2.04 கோடியாக ஏறி, 2023இல் 3.17 கோடியைத் தொட்டுப் பழைய அளவைத் தாண்டிவிட்டது. மக்கள் இனிக் கப்பல் ஏற மாட்டார்கள் என்று 2020இல் எழுதியவர்களின் கணிப்பு பொய்த்தது.

நிறுவனங்கள் கடன் வாங்கித் தப்பித்தன. கார்னிவல் குழுமத்தின் கடன் ஒரு கட்டத்தில் 3,500 கோடி டாலரைக் கடந்தது. அமெரிக்க அரசின் பெருந்தொற்று உதவித் தொகுப்பில் இந்தப் பெருநிறுவனங்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. பனாமா, லைபீரியா, பெர்முடா ஆகிய இடங்களில் பதிவு செய்துகொண்டவை என்பதே காரணம். வரியும் விதியும் குறைவாக உள்ள நாட்டில் பதிவு செய்வது நல்ல காலத்தில் லாபம் தருகிறது. கெட்ட காலத்தில் எந்த அரசும் அந்த நிறுவனத்தைத் தன்னுடையதாகக் கருதுவதில்லை. நிறுவனத்துக்கு நேர்ந்தது பணச் சிக்கல். அதே ஏற்பாட்டின் விளைவு கப்பலில் இருந்த மனிதர்களையும் தாக்கியது என்பதை அடுத்த பகுதிகளில் பார்க்கப் போகிறோம்.

இந்தியாவில் இரு கப்பல்களின் கதை குறிப்பிடத்தக்கது. 2019 ஏப்ரலில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய ஜலேஷ் நிறுவனத்தின் ‘கர்ணிகா’, தொற்றுக் காலத்தில் நிறுவனம் மூடப்பட்டதால் 2020 இறுதியில் குஜராத்தின் அலங் உடைப்புத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே தொற்றின் நெருக்கடியால் ராயல் கரீபியன் நிறுவனம் 2020 டிசம்பரில் விற்ற ‘எம்ப்ரஸ்’, 1990இல் ஓடத் தொடங்கிய பழைய கப்பல், கோர்டீலியா நிறுவனத்தின் பெயரில் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து புறப்பட்டது. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிய கப்பல் இதுதான்.

3. யோகோஹாமா: பழி கப்பலுக்கா, கட்டளைக்கா?

பெருந்தொற்றுக் காலக் கப்பல் பயணம் பற்றிய எந்த ஆய்வும் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலைக் கடந்து போக முடியாது. 2020 பிப்ரவரி 3 அன்று யோகோஹாமா வந்தடைந்த அக்கப்பலில் 2,666 பயணிகள், 1,045 ஊழியர்கள் என 3,711 பேர் இருந்தனர். ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய ஒரு பயணிக்குத் தொற்று உறுதியானதே தொடக்கம். பிப்ரவரி 5 முதல் இரு வாரங்களுக்குப் பயணிகளை அறைக்குள் இருக்குமாறு ஜப்பான் அரசு உத்தரவிட்டது. முடிவில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. இறந்தோர் எண்ணிக்கை 13 அல்லது 14 எனப் பதிவாகியுள்ளது.

இந்த எண்களைப் படித்தவர்கள் மூன்று விதமாகப் பொருள் கொண்டனர். ராக்லோவ் முதலான ஆய்வாளர்கள் வகுத்த கணித மாதிரியின்படி, கப்பலுக்குள் தொடக்கத்தில் ஒருவரிடமிருந்து ஏறத்தாழ 15 பேருக்குத் தொற்று பரவும் வேகம் இருந்தது. தனிமைப்படுத்தல் அதைப் பெரிதும் குறைத்தது. ஆனால் பிப்ரவரி 3 அன்றே எல்லோரையும் இறக்கியிருந்தால் தொற்று 76 பேரோடு நின்றிருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஜப்பானின் தேசியத் தொற்றுநோய் நிறுவனம் வேறு கோணத்தில் பார்த்தது. நோய்க்குறி தோன்றிய நாட்களை வரிசைப்படுத்தியபோது, பயணிகளில் பெரும்பாலோர் தனிமைப்படுத்தலுக்கு முன்பே தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்று அது கூறியது. மூன்றாவது, காற்று வழிப் பரவலை முன்னிறுத்தும் பிற்கால மாதிரி ஆய்வு. மூடிய அறைகளில் மிதக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதே பரவலில் பெரும் பங்கு வகித்தது என்றது அது.

மூன்றும் ஒன்றையொன்று முழுமையாக மறுப்பவை அல்ல. முதல் மாதிரியில் ஒரு பலவீனம் உண்டு. கப்பலில் உள்ள அனைவரும் ஒரே அளவில் ஒருவரோடொருவர் கலந்து பழகுவதாக அதன் அடிப்படை வடிவம் கொள்கிறது. உண்மையில் கப்பல் அப்படிப்பட்ட இடமன்று. மேலே பால்கனி அறை, கீழே சாளரமில்லாத அறை, அதற்கும் கீழே ஊழியர் தளம் என வாழிடம் படிப்படியாகப் பிரிந்திருக்கும் இடம் அது. யோகோஹாமாவில் ஊழியர்களுக்கு நேர்ந்தது குறித்த முதற்கட்ட விசாரணை அறிக்கைதான் என் பார்வையில் இந்த விவாதத்தின் மிக முக்கியமான ஆவணம். முதலில் தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். 16 பேரின் அறைகள் மூன்றாம் தளத்தில் இருந்தன. உணவுப் பிரிவினர் தங்கும் தளம் அது.

இதன் பொருளை விரித்துப் பார்க்க வேண்டும். பயணிகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கலாம் என்றால், மூன்று வேளையும் தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். அவர் வேலை முடிந்து கீழ்த் தளத்துக்குப் போய், இன்னொருவரோடு பகிர்ந்துகொண்ட அறையில் படுத்து, பொது உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, மறுநாள் மறுபடி மேலே வருவார். பிப்ரவரி 5ஆம் தேதியின் உத்தரவு பயணிகளை மட்டுமே தனிமைப்படுத்தியது. அந்தத் தனிமை சாத்தியமானது ஊழியர்கள் தனிமைப்படுத்தப்படாமல் இருந்ததால்தான். பிப்ரவரி 18 அன்று கப்பலுக்குள் சென்று வந்த கோபே பல்கலைக்கழகத் தொற்றுநோய் நிபுணர் கெந்தாரோ இவாத்தா, தூய பகுதி எது, தொற்றுள்ள பகுதி எது என்ற பிரிவினையே அங்கு இல்லை என்று காணொளியில் பகிரங்கமாகக் கூறினார். கப்பலின் காற்றோட்டத்தைக் காரணம் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் காற்றோட்டத்தை மட்டும் சொன்னால், யாரை எங்கே தங்க வைப்பது என்று எடுக்கப்பட்ட முடிவு பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

அந்தக் கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் பயணிகள் 6 பேர் மட்டுமே. மற்ற 132 பேரும் ஊழியர்கள். இந்தியாவைப் பொறுத்தவரை சொகுசுக் கப்பல் என்பது முதலில் ஒரு வேலைத்தலம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 16 இந்தியர்களுக்குத் தொற்று உறுதியாகி ஜப்பானிய மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றனர். 119 பேரை ஏர் இந்தியா விமானம் பிப்ரவரி 27 அன்று டெல்லிக்கு அழைத்து வந்தது.

4. மூடிய வாசல்களும் எழுதிய சட்டமும்

யோகோஹாமாவின் அச்சம் மற்றத் துறைமுகங்களின் வாசலை அடைத்தது. ‘வெஸ்டர்டாம்’ கப்பலைத் தைவான், ஜப்பான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து ஆகிய ஐந்தும் ஏற்க மறுத்தன. இறுதியில் பிப்ரவரி 13 அன்று கம்போடியாவின் சிஹானுக்வில் அதை ஏற்றது. அந்தக் கப்பலில் தொற்று பரவியிருந்ததாகப் பின்னர் உறுதிப்படவில்லை. இதற்கு நேர் மாறாக, மார்ச் 19 அன்று சிட்னியில் ‘ரூபி பிரின்சஸ்’ கப்பலின் சுமார் 2,650 பயணிகள் தடையின்றி இறங்கி ஊர்களுக்குக் கலைந்து போனார்கள். அக்கப்பலோடு தொடர்புடைய மரணங்கள் 28 எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. பிரெட் வாக்கர் தலைமையிலான சிறப்பு விசாரணை ஆணையம், மாநிலச் சுகாதாரத் துறையின் தவறுகளைக் கடுமையாகச் சாடியது. நோயற்ற கப்பலுக்குக் கதவு அடைபட்டது, நோயுள்ள கப்பலுக்குத் திறந்தது. இரண்டிலும் முடிவெடுத்தவர்களிடம் முன்பே வகுத்த அளவுகோல் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் 28ஆம் விதி, பொதுச் சுகாதாரக் காரணத்தைக் காட்டிக் கப்பல் துறைமுகத்துக்கு வருவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. வசதியில்லாத துறைமுகமானால், வசதியுள்ள அருகிலுள்ள துறைமுகத்துக்கு அனுப்பலாம். ஆனால் அதே ஆவணத்தின் 43ஆம் விதி கூடுதல் கட்டுப்பாடுகளுக்கு இடம் தருகிறது. 2020இல் பல அரசுகளும் அந்த வழியாகவே நுழைந்தன. கொடி ஒரு நாடு, உரிமையாளர் இன்னொரு நாடு, துறைமுகம் மூன்றாவது நாடு, ஊழியர் நான்காவது நாடு என்றிருக்கும்போது, ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்ட முடிகிறது. ‘டயமண்ட் பிரின்சஸ்’ பறக்கவிட்ட கொடி பிரிட்டனுடையது. நடத்திய நிறுவனம் அமெரிக்காவைச் சேர்ந்தது. நின்றது ஜப்பானியக் கடலில்.

நம் கரையில் நடந்தவற்றையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் தொடக்கத்தில் புதிய மங்களூர்த் துறைமுகம் ‘எம்எஸ்சி லிரிகா’வை அனுமதிக்கவில்லை. தொடர்ந்து வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. வெளிநாட்டவரை மறுத்ததைப் பற்றிக்கூட இருவேறு கருத்து இருக்கலாம். ஆனால் ஏப்ரல் நடுவில் ‘மரெல்லா டிஸ்கவரி’ கப்பல் மும்பைக்கு அப்பால் வந்து நின்றபோது அதிலிருந்த சுமார் 145 ஊழியர்கள் இந்தியக் குடிமக்கள். சொந்த நாட்டின் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவர்கள் காத்திருந்தனர். கப்பலில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமான நடைமுறையை உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட பின், 23ஆம் தேதிதான் இறங்க முடிந்தது. அதற்கு முன்பு, ஏப்ரல் 6 அன்று, கொழும்புக்கு அப்பால் வந்த ‘எம்எஸ்சி மேக்னிஃபிகா’விலிருந்து இலங்கைச் சமையல்காரர் ஒருவரையும், உடல்நலம் குன்றிய ஜெர்மானியப் பயணி ஒருவரையும் இலங்கைக் கடற்படை படகில் கரைக்கு அழைத்து வந்தது. அந்தச் சமையல்காரர் காணொளியில் விடுத்த வேண்டுகோளே அதற்குக் காரணமாக அமைந்தது. ஒருவரின் குரல் ஊடகத்தை எட்டினால் படகு வருகிறது, எட்டாவிட்டால் வராது என்பது ஒழுங்குமுறை ஆகாது.

கப்பலுக்குப் போகும் ஓர் இளைஞனின் பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து பார்த்தால் இந்த வெற்றிடம் தெரியும். பாஸ்போர்ட், சிடிசி என்று அழைக்கப்படும் கடலோடிப் பதிவேடு, தீயணைப்பும் உயிர்காப்பும் உள்ளிட்ட அடிப்படைப் பயிற்சிச் சான்றுகள், மருத்துவத் தகுதிச் சான்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, அமெரிக்க விசா, எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனி காண்ட்ராக்ட். இவை ஒவ்வொன்றுக்கும் அந்தக் குடும்பம் பணம் கட்டியிருக்கும், சில சமயம் நகையை வைத்து. காண்ட்ராக்ட் முடிந்தால் ஊர் திரும்பும் செலவு கம்பெனியுடையது என்று அதில் இருக்கும். இந்தியாவும் ஏற்றுக்கொண்டுள்ள 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதற்கு உத்தரவாதம் தருகிறது. டிக்கெட்டுக்கு யார் பணம் தருவது என்பது தெளிவாக இருக்கிறது. துறைமுகம் அவனை இறங்க விடுமா என்பதற்கு மட்டும் அந்த ஃபைலில் ஒரு தாளும் இல்லை. 2020 இறுதியில் சரக்குக் கப்பல்களையும் சேர்த்து சுமார் நான்கு லட்சம் கடலோடிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க முடியாமல் இருந்தனர் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் மதிப்பீடு.

5. தமிழருக்குப் புதிதல்ல

தொற்றுக்கு அஞ்சிக் கப்பல் பயணிகளைக் கரைக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாட்டைத் தமிழர்கள் முன்பே அறிவார்கள். 1873இல் வந்த காலராவுக்குப் பின், 1874இல் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவில் தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. பினாங்குக்கு ஜெரெஜாக் தீவு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலாயாவுக்கு ஓடிய ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் டெக் பயணிகளாகப் போன கூலித் தொழிலாளர்களே பெரும்பாலும் இத்தீவுகளில் இறக்கப்பட்டனர். அறை எடுத்துப் பயணம் செய்தவர்களுக்குப் பரிசோதனையோடு வழி விடப்பட்டது.

காலனி அரசு இதை மருத்துவ நடவடிக்கை என்றே பதிவு செய்தது. மருத்துவ நோக்கம் உண்மையில் இருந்தது, காலராவும் அம்மையும் கற்பனை அல்ல. ஆனால் நோய் டிக்கெட்டின் வகுப்பைப் பார்த்துப் பரவுவதில்லை. யோகோஹாமாவில் ஊழியர்களுக்கு நேர்ந்ததை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் பழமை புரிகிறது. ஒன்றை மட்டும் பழைய ஏற்பாட்டுக்குச் சாதகமாகச் சொல்லலாம்: கப்பல் வருவதற்கு முன்பே தீவில் படுக்கையும் மருத்துவரும் தயாராக இருந்தார்கள். 2020இல் பல துறைமுகங்களில் அதுவும் இல்லை.

கப்பலே ஆபத்து என்ற முடிவுக்கு எதிரான சான்றும் அதே ஆண்டில் நம் கரையிலேயே கிடைக்கிறது. ‘சமுத்திர சேது’ நடவடிக்கையில் கடற்படைக் கப்பல் ‘ஜலாஷ்வா’ 2020 ஜூன் 2 அன்று கொழும்பிலிருந்து 680க்கும் மேற்பட்டோரையும், 7ஆம் தேதி மாலேயிலிருந்து 700 பேரையும் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. பின்னர் ஈரானில் சிக்கியிருந்த தமிழக மீனவர்களும் கடற்படைக் கப்பலிலேயே அங்கு வந்து சேர்ந்தனர். மொத்தம் 3,992 பேர் இந்நடவடிக்கையில் நாடு திரும்பினர். கப்பல் புறப்படும்போதே தூத்துக்குடியில் இறங்குவது உறுதியாகியிருந்தது. ஏற்கும் கரை முடிவாகியிருந்தால் நெருக்கமான கப்பல்கூட மீட்பு வாகனம் ஆகிறது.

6. சிங்கப்பூரும் கோவாவும்

தொற்றுக் காலத்திலேயே பயணத்தைத் தொடங்கிய சோதனை சிங்கப்பூருடையது. 2020 நவம்பரில் ‘வேர்ல்ட் ட்ரீம்’, அடுத்த மாதம் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’. எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம். ஏறுவோர் சிங்கப்பூர்வாசிகள் மட்டுமே, பாதி இடங்களே நிரப்பப்பட்டன, முன்பரிசோதனையும் கட்டாயம். டிசம்பர் 9 அன்று ‘குவாண்டம்’ கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவருக்குத் தொற்று என்று கப்பல் பரிசோதனை காட்டியதும் கப்பல் உடனே திரும்பியது. பயணிகள் அறைகளில் காத்திருந்தனர், அவர் கரைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மறுபரிசோதனைகளில் தொற்று இல்லை என்று தெரிந்தது. இந்த வெற்றியைப் பரிசோதனைக் கருவிக்கு உரியதாகச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தக் கருவிதான் தவறிழைத்தது. புறப்பட்ட துறைமுகமும், திரும்பும் துறைமுகமும், பயணிகளின் வீடும், மருத்துவமனையும் ஒரே அரசின் கீழ் இருந்ததால் யார் ஏற்பது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். 2022 புத்தாண்டுக்கு மும்பையிலிருந்து கோவா போன கோர்டீலியா கப்பலில் சுமார் 2,000 பேர் இருந்தனர். ஊழியர் ஒருவருக்குத் தொற்று தெரிந்து எல்லோரையும் பரிசோதித்தபோது 66 பேருக்கு உறுதியானது. மர்மகோவாவில் நின்ற கப்பல், தொற்றாளர்களை எங்கே இறக்குவது என்ற இழுபறிக்குப் பின், அவர்களில் பெரும்பாலோரைச் சுமந்துகொண்டு மும்பைக்கே திரும்பியது. இங்கே நாடு ஒன்றுதான். இரு மாநிலங்களுக்கு இடையே மட்டும்தான் கடல் இருந்தது. அதற்குள்ளேயே பொறுப்பு கைமாற முடியவில்லை.

அதே கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடியபோது புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. அங்கு எழுந்த எதிர்ப்பு கப்பலில் உள்ள சூதாட்டக் கூடம் பற்றியது, நோய் பற்றியதல்ல. ஆயினும் இங்கு அது பொருந்தும். பயணத் திட்டத்தில் ஒரு துறைமுகத்தின் பெயரைப் போட்டுச் சீட்டு விற்ற பின்பும் அத்துறைமுகத்தின் ஒப்புதல் உறுதியாகாமல் இருக்க முடியும் என்பதை அது காட்டியது. சாதாரண நாளிலேயே இப்படி என்றால், தொற்று நாளில் என்ன நடக்கும்?

7. மாமல்லபுரத்தின் கணக்கு

சொகுசுக் கப்பல்கள் நின்றால் மாமல்லபுரம் வாடும் என்ற வாதம் அடிக்கடி வைக்கப்படுகிறது. இதற்குச் சான்று பலவீனமானது. இந்தியத் தொல்லியல் துறை 2020 மார்ச் நடுவில் மூடிய சின்னங்கள் மாமல்லபுரத்தில் டிசம்பரில்தான் திறந்தன. 2021 ஏப்ரலில் மறுபடி மூடின. வழிகாட்டிகள், கல்தச்சர்கள், ஒத்தவாடைத் தெருவின் விடுதிக்காரர்கள் அனைவரும் அடிபட்டார்கள். அவர்களை வீழ்த்தியது விமானமும் உள்ளூர்ப் பேருந்தும் நின்றுபோனதுதான்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தின்படி, 2021–22இல் கட்டணச் சின்னங்களில் அதிக வெளிநாட்டவர் வந்தது மாமல்லபுரத்துக்கே: 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு 38,922 பேர். அப்போது இதைத் தமிழகச் சுற்றுலாவின் வெற்றி எனக் கொண்டாடினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. சுற்றுலா விசா 2021 அக்டோபர் வரை நிறுத்தப்பட்டிருந்த ஆண்டு அது. அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்காக ஏற்கனவே இங்கு குடியிருந்த வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். எப்படியாயினும் ஒன்று திண்ணம்: வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்கள் வராத ஆண்டிலேயே மாமல்லபுரம் முதலிடம் பெற்றது.

கப்பல் பயணி இங்கு செலவழிக்கும் நேரமும் குறைவு. காலையில் துறைமுகத்திலிருந்து ஏசி பஸ், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், வழியில் முட்டுக்காடு தட்சிணசித்ரா, ஒரு ரிசார்ட்டில் மதிய உணவு, மாலைக்குள் கப்பல். புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரக் கற்சிற்பத்தில் அவர் வாங்குவது பையில் அடங்கும் சின்னப் பிள்ளையார்தான். வாரக்கணக்கில் தங்கும் பயணியும், வீட்டுக்கோ கோயிலுக்கோ சிலை செய்யச் சொல்லும் வாடிக்கையாளரும் தருவதோடு இதை ஒப்பிட முடியாது. கப்பல் வருவதால் சில வழிகாட்டிகளுக்கும் பஸ்காரர்களுக்கும் நல்ல நாள் கிடைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த மாவட்டத்துக்குச் சொகுசுக் கப்பல் தரும் பெரிய வருமானம் மாமல்லபுரத்து வாசலில் இறங்கும் பயணியிடமிருந்து வருவதில்லை. மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் ஊழியரிடமிருந்து வருகிறது. கொள்கை வகுப்போர் கண்ணில் முன்னவர் தெரிகிறார், பின்னவர் தெரிவதில்லை.

8. எழுத்தில் வேண்டியது

பெருந்தொற்றின் நடுவே, 2020 ஆகஸ்டில், மத்திய அரசு சொகுசுக் கப்பல்களுக்கான துறைமுகக் கட்டணத்தை 60 முதல் 70 சதவீதம் வரை குறைத்தது. 2023 ஜூனில் 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த சர்வதேசச் சொகுசுக் கப்பல் முனையம் சென்னையில் திறக்கப்பட்டு, ‘எம்ப்ரஸ்’ அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய ‘குரூஸ் பாரத்’ திட்டம், 2029க்குள் கடல்வழிச் சொகுசுக் கப்பல் பயணிகளைப் பத்து லட்சமாக்க இலக்கு வைத்திருக்கிறது. கட்டணச் சலுகை, முனையம், இலக்கு எல்லாம் கப்பலை வரவழைப்பதற்கானவை. வந்த கப்பலில் நோய் வந்தால் என்பதற்கு 1955ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சுகாதார விதிகளும் துறைமுகச் சுகாதார அதிகாரியும் இருக்கிறார்கள். ஒரு சரக்குக் கப்பலின் இருபது பேரைக் கையாள அது போதும். இரண்டாயிரம் பேரை ஏற்றிய கப்பலுக்குப் போதாது.

முன்மாதிரி இருக்கிறது. 2020 மார்ச் 14 அன்று கப்பல்களை நிறுத்திய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அக்டோபர் 30 அன்று அதற்குப் பதிலாக நிபந்தனை உத்தரவு ஒன்றை வெளியிட்டது. அதன்படி கப்பல் நிறுவனம் ஒவ்வொரு துறைமுகத்தோடும் உள்ளூர்ச் சுகாதார நிர்வாகத்தோடும் எழுத்து வடிவ ஒப்பந்தம் செய்ய வேண்டும். எத்தனை பேரை எந்த மருத்துவமனை ஏற்கும், தனிமைப்படுத்த எந்தத் தங்குமிடம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புளோரிடா மாநிலம் வழக்குத் தொடுத்தது, நீதிமன்றம் அம்மாநிலத்தின் பக்கம் நின்றது. 2022 ஜனவரியில் அந்த ஏற்பாடு கட்டாயமற்றதாகி, அதே ஆண்டு ஜூலையில் முடிவுக்கு வந்தது. அந்த உத்தரவில் மிகையான பகுதிகள் இருந்தன என்ற விமர்சனத்தை ஏற்கலாம். துறைமுக ஒப்பந்தம் என்ற பகுதி அவற்றில் ஒன்றல்ல. அதை இழந்தது உலகுக்கு நட்டம்.

அதைத் தமிழ்நாடு எடுத்துக்கொள்ளலாம். சென்னைத் துறைமுகம், மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை, கப்பல் நிறுவனம் ஆகிய மூவரும் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பாக ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தொற்று தெரிந்தால் இறக்கப்படுவோர் தங்கும் இடம், மருத்துவமனைப் படுக்கைகள், செலவை ஏற்பவர், முடிவெடுக்கும் அதிகாரி ஆகியவை அதில் பெயரோடும் எண்ணோடும் இருக்க வேண்டும். ஊழியருக்கும் பயணிக்கும் ஒரே தர அறை என்பது விதியாக வேண்டும். இந்தியக் குடிமகனான ஊழியரை எந்தச் சூழலிலும் இந்தியத் துறைமுகம் திருப்பி அனுப்பாது என்ற ஒரு வரியும் அதில் வேண்டும். காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் சென்னையிலிருந்து கப்பல் போயிருப்பதால் இலங்கையோடும் இதே உடன்பாடு தேவை.

வெளிநாட்டுக் கப்பல்கள் வரும் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. கப்பல்களின் வருகை அட்டவணையை வெளியிடும்போது இந்த ஒப்பந்தத்தையும் பொதுமக்கள் படிக்கும்படி தமிழிலும் வெளியிட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கப்பலுக்குச் சென்னைத் துறைமுகம் இடம் தரக் கூடாது.